‘ஒண்ணுமில்லம்மா!’ - பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே தொலைந்துபோகும் ஒரு நாள்

இரவு 9:10. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு லைன் வீடு. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி ஒரு தாய் உள்ளே வருகிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் பாட்டியின் மடியில் பாதித் தூக்கத்தில் கிடக்கிறான். சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டே போனைத் திறக்கிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 74 செய்திகள். பூங்கொத்து போட்ட காலை வணக்கங்கள், யாரோ தொலைத்த தண்ணீர் பாட்டில், வரிசையாக ‘ஓகே டீச்சர்’கள். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார். நடுவில், மாலை 4:42க்கு வந்த ஒரு வரி: ‘நாளைக்கு எல்லாரும் ஒரு கொட்டாங்குச்சி, கொஞ்சம் செம்மண், 5 வெந்தயம் கொண்டு வரவும்.’

வெந்தயம் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. கொட்டாங்குச்சி அடுப்படி மூலையில் கிடந்தது. செம்மண்ணுக்கு எங்கே போவது? போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டியில் கேட்டு ஒரு பிடி அள்ளி வந்தார். கையைக் கழுவிவிட்டு மகனின் தலையைத் தடவினார்.

“இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சாமி நடந்துச்சு?”

“ஒண்ணுமில்லம்மா.”

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். இந்தக் கட்டுரைக்காகப் போயிருந்த எனக்கு, அன்று முழுக்கக் கேட்டதிலேயே மறக்க முடியாத சொல் அதுதான். காலையில் போய் மாலையில் திரும்பிய குழந்தையின் நாளில் ஒன்றுமே நடக்காமலா இருந்திருக்கும்? ஏழு வயதில் தன் நாளைக் கோவையாகச் சொல்ல வராது. கேட்கிற அம்மாவுக்கும் எதைப் பிடித்துக் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளியிலிருந்து செய்தியே வரவில்லை என்று சொல்ல முடியாது, 74 வந்திருந்தன. அவற்றில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை

ஒரு தலைமுறைக்கு முன்னால் பள்ளியின் சேதி வீட்டுக்கு வர இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளுக்குப் பின் வரும் ரேங்க் கார்டு. இன்னொன்று டீக்கடை. வாத்தியார் அதே ஊரில் குடியிருந்தார். ‘உன் பையன் கணக்குல கொஞ்சம் தடுமாறுறான்ப்பா’ என்று டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன ஒரு வார்த்தை, ரேங்க் கார்டு சொல்லாததைச் சொல்லிவிடும். இன்று பெரும்பாலான ஆசிரியர்கள் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பள்ளி திறந்து, அவர்கள் திரும்பும் முன் மூடிவிடுகிறது.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில் வாட்ஸ்அப் குழுவே வகுப்பறையாக இருந்தது. கிராமப்புற இந்தியாவில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகள் 2018இல் 36 சதவீதம், 2022இல் ஏறக்குறைய 75 சதவீதம் என்று கணக்குச் சொன்னது ‘அசர்’ (ASER) என்ற கல்வி நிலை ஆய்வு. பள்ளிகள் திறந்த பிறகும் குழுக்கள் கலையவில்லை. வகுப்பறை பள்ளிக்குத் திரும்பிவிட்டது, அறிவிப்புப் பலகை மட்டும் போனிலேயே தங்கிவிட்டது.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

● கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1.
● அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், குழந்தை பற்றிய பிற தகவல்கள் ஆகியவற்றைச் சொல்வது அவற்றில் ஒன்று.
● 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள்.
● தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் 2022இல் புதிதாக அமைக்கப்பட்டன. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் நடக்கிறது.

அறிவிப்பு வேறு, தகவல் வேறு

‘நாளை விடுமுறை’, ‘வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை’, ‘ஆண்டு விழாவுக்கு டான்ஸ் டிரெஸ்’, ‘கட்டணத்துக்குக் கடைசி நாள் 10ஆம் தேதி’. இவை எல்லாம் அறிவிப்புகள். பெற்றோர் எதைச் செய்ய வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்பவை. அவசியமானவைதான். ஆனால் இவற்றைப் படித்து முடித்த தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றி எதுவும் கூடுதலாகத் தெரிந்திருக்காது.

தகவல் என்பது வேறு மாதிரி இருக்கும். ‘இன்னைக்கு உங்க பொண்ணு மதியச் சாப்பாட்டைப் பாதிதான் சாப்பிட்டா.’ ‘கூட உட்காரும் பையன் ஊருக்குப் போனதிலிருந்து இவன் யாரோடும் பேசுறதில்லை.’ ‘லகரம், ளகரம் குழப்பம் போய்விட்டது, இப்போ ழகரத்துல நிக்கிறோம்.’ இதில் எதையும் செய்யச் சொல்லி உத்தரவு இல்லை. ஆனால் அன்று இரவு அந்த வீட்டில் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும்.

இப்படி ஒரு வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே நடந்தது.

ஐந்து மாதம் தாமதமான ஒரு வரி

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம். தனியார் பள்ளி. ஜூலையிலிருந்து அவள் நோட்டில் சிவப்பு மையில் ஒரே சொல் வந்துகொண்டிருந்தது: ‘கவனக்குறைவு’. பலகையிலிருந்து எழுதிய வரிகளில் எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. 6 என்பதை 8 என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கவனமாக எழுது என்று சொன்னேன், பிறகு அதட்டினேன், ஒரு நாள் அழவும் வைத்தேன். காலாண்டுக் கூட்டத்தில் 40 பெற்றோர் வரிசையில் நின்றபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். ‘நல்ல குழந்தை, இன்னும் கவனம் வேணும்’ என்றார்கள்.

டிசம்பரில் வகுப்பாசிரியை விடுப்பில் போனார். பதிலுக்கு வந்த இளம் ஆசிரியை, மாலையில் கேட்டருகே என்னைப் பார்த்ததும் போகிற போக்கில் சொன்னார்: “பாப்பா பலகைக்குக் கிட்ட வந்து நின்னு பார்த்துட்டு, ஓடிப்போய் உட்கார்ந்து எழுதுறாங்க சார். ஒவ்வொரு வரிக்கும் எந்திரிச்சு வர்றாங்க.”

அந்த வார சனிக்கிழமை கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.5. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், தெருவோர வேப்பமரத்தைப் பார்த்து, “அப்பா, மரத்துல இலை எல்லாம் தனித்தனியா இருக்கு” என்றாள்.

நான் ஐந்து மாதம் கையெழுத்துப் போட்டதும் திட்டியதும் பார்வைக் குறைவுக்கு. அவள் எழுந்து வந்து பார்ப்பதை வகுப்பறை ஒவ்வொரு நாளும் பார்த்தது. சொல்லக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு வரியை வீட்டுக்குச் சொல்ல இடமே இல்லாத ஏற்பாடு அது. நோட்டில் தீர்ப்பை எழுத இடம் இருந்தது. பார்த்ததை எழுத இடம் இல்லை.

இரண்டு துண்டுகள், ஒரே குழந்தை

குழந்தையின் நாளில் பாதி ஆசிரியருக்குத் தெரியும், மீதி அம்மாவுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் விஷயம் புரியும். தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. ‘தண்ணியே குடிக்கிறதில்ல’ என்று அம்மா திட்டுகிறார். பள்ளியிலோ, அந்தச் சிறுமி நாள் முழுக்கக் கழிப்பறைப் பக்கமே போகாததை ஆசிரியை கவனிக்கிறார், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாழ்ப்பாள் உடைந்த கதவுக்குப் பயந்து குழந்தை தண்ணீரையே விட்டுவிட்டாள் என்பது, இந்த இரண்டு பேரும் பேசினால்தான் வெளியே வரும். பேசாவிட்டால் ஒரு நாள் நீர்க்கடுப்பாக வரும்.

வருகையும் அப்படித்தான். மாதத்தில் இரண்டு நாள் லீவு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அது ஏழாக இருக்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷம், சந்தை நாள், தம்பிக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகக் கழிந்த நாட்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தொடக்க வகுப்பில் ஏழு நாள் என்றால் ஓர் எழுத்து வரிசையே கைவிட்டுப் போய்விடும். முதல் வகுப்பில் விட்ட எழுத்து மூன்றாம் வகுப்பில் வாசிப்பாக வந்து நிற்கும். அப்போது ‘மக்கு’ என்ற பட்டம் குழந்தைக்குத்தான் கிடைக்கும்.

பெட்டிச் செய்தி: சிலியில் செய்து பார்த்தார்கள்

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், வருமானம் குறைந்த பகுதிப் பள்ளிகளில் 4 முதல் 8ஆம் வகுப்பு வரை படித்த குழந்தைகளின் பெற்றோருக்குச் சாதாரண குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். வாரந்தோறும் மாதந்தோறும் போன அந்தச் செய்திகளில் அவரவர் குழந்தையின் வருகை, நடத்தை, கணித மதிப்பெண் ஆகியவை இருந்தன. புதிய பாடப்புத்தகமோ கூடுதல் ஆசிரியரோ கொடுக்கவில்லை. கணித மதிப்பெண் உயர்ந்தது, வருகையும் கூடியது. ஏற்கெனவே பின்தங்கியிருந்த குழந்தைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது. ‘உடனுக்குடன் அறியும் பெற்றோர்’ என்ற பொருளில் அந்தத் திட்டத்துக்கு ‘பாப்பாஸ் அல் தியா’ என்று பெயர்.

அந்தப் போன் யாருடையது?

‘குரூப்ல போட்டுட்டோமே, பார்க்கலையா?’ இந்தக் கேள்வியைப் பள்ளிகள் இயல்பாகக் கேட்டுவிடுகின்றன. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் என்றால், அது பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அப்பா லாரியோடு மகாராஷ்டிரத்தில் இருப்பார், அல்லது வளைகுடாவில். குழந்தையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்புவது அம்மா, இல்லையென்றால் பாட்டி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்போது தமிழ்நாட்டில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருந்த பெண்கள் சுமார் 47 சதவீதம்தான். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருந்தாலும், தட்டச்சு செய்த நீளமான அறிவிப்பை நின்று படிக்க முடியாத பாட்டிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

திருப்பூரில் இன்னொரு தரப்பும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ் எழுத்தைக் கற்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு நம் சுற்றறிக்கை வெறும் கோடுகள். ஐந்தாம் வகுப்பு அக்காதான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அவளைப் பற்றிய புகாரையும் அவளேதான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்!

கூட்டத்துக்கு வரச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால், பீஸ் ரேட்டில் வேலை செய்யும் தாய்க்கு அது அரை நாள் கூலி. சனிக்கிழமை சம்பளக் கவரில் அது குறையும். அவர் வராததை ‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்று எழுதிவிடுகிறோம். இரவு ஒன்பதரைக்குப் போன் டார்ச்சில் செம்மண் அள்ளியவர் அவர்தான்.

ஆசிரியரின் இரவு

ஆசிரியர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும், அதில் ஒருவர் தலைமையாசிரியர். கல்வித் துறையின் ‘எமிஸ்’ (EMIS) இணையதளப் பதிவு, செயலியில் வருகை, இணையவழி மதிப்பீடு, சீருடைக் கணக்கு, பயிற்சி வகுப்பு என்று போனிலேயே பாதி நாள் போகிறது. சொந்த நம்பரைக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வருகிறது. ஹோம்வொர்க் என்ன என்று கேட்கும் அழைப்பும் உண்டு, குடித்துவிட்டுச் சண்டை போடும் அழைப்பும் உண்டு.

ஆகவே ‘தினமும் எல்லாக் குழந்தையைப் பற்றியும் எழுதுங்கள்’ என்று கேட்பது அநியாயம். ஆனால் 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு ஆறு பேர் என்று வைத்தால், ஐந்து நாளில் எல்லாரும் முடிந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வரி, அல்லது இருபது விநாடிக் குரல் பதிவு. ஒரு நாளைக்கு அது இரண்டு நிமிட வேலை. இதற்கு ஈடாக, யாரும் படிக்காத புள்ளிவிவரப் பதிவுகளில் ஒன்றிரண்டையாவது ஆசிரியர்கள் தோளிலிருந்து அரசு இறக்கி வைக்க வேண்டும்.

எல்லார் முன்னாலும் வேண்டாம்

ஒரு குழந்தையைப் பற்றிய வரி அந்தக் குழந்தையின் வீட்டுக்கு மட்டும்தான் போக வேண்டும். கட்டணம் கட்டாதவர் பட்டியல், வகுப்புத் தேர்வின் மதிப்பெண் வரிசை, அழுதுகொண்டு நிற்கும் குழந்தையின் வீடியோ ஆகியவற்றைப் பொதுக் குழுவில் போடுவது தகவல் ஆகாது, தண்டனை ஆகும். குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். மதிப்பெண் பட்டியலில் கடைசியாக வந்த பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டார் என்று தெரிந்த தாய், அடுத்த முறை பள்ளி அழைத்தாலும் வருவாரா?

வாசலில் ஒரு தூது

பள்ளியின் தகவல் வீட்டுக்குப் போக வழிகள் புதிதாக எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பொங்கலும் கிச்சடியும் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக்குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களையே இந்த வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தக் குழந்தை இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறது, எந்தக் குழந்தை மூன்று நாளாக வரவில்லை என்பது சமைக்கும் அந்தத் தாய்க்குத்தான் முதலில் தெரியும். சாயங்காலம் அதே தெருக் குழாயடியில் மற்ற அம்மாக்களைப் பார்க்கிறவரும் அவர்தான். பழைய டீக்கடை இருந்த இடத்தில் இப்போது அவர் நிற்கிறார்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், குழந்தைகள் அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டுப் பாடம் கற்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பூவின் வளர்ச்சி புரியும். ‘பேரன் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துட்டான்’ என்று ஆசிரியர் வாசலில் சொன்னால், அதைவிடத் தெளிவான ரேங்க் கார்டு வேறு வேண்டாம். ஆனால் தன் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

பெட்டிச் செய்தி: பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து

1. இந்த மாதம் என் குழந்தை எத்தனை நாள் வரவில்லை?
2. இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எந்த இடத்தில் தடுமாறுகிறது?
3. யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறது, விளையாடுகிறது?
4. வகுப்பில் எப்போது சந்தோஷமாக இருக்கிறது?
5. வீட்டில் நாங்கள் பார்ப்பதில் உங்களுக்கு எது தெரிய வேண்டும்?

கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு அரசின் உதவி எண்: 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால்: 1098.

வெந்தயம் முளைத்தது

நான்கு நாள் கழித்து அதே லைன் வீட்டுக்கு மறுபடி போனேன். அன்று மாலை அந்த வீட்டுப் பையனின் ஆசிரியை, கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து, அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். “அம்மா, தம்பியோடதுதான் வகுப்புல முதல்ல முளைச்சுது. தண்ணி ஊத்துறப்ப யாரையும் தொட விடல. எல்லாருக்கும் எண்ணிச் சொன்னான், அஞ்சுல நாலு முளைச்சிருக்குன்னு.” கேட்க 15 விநாடிதான் ஆனது. தாய் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். பாட்டியும் கேட்டார்.

அன்றும் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அம்மா இந்த முறை ‘என்ன நடந்துச்சு’ என்று கேட்கவில்லை.

“அஞ்சுல நாலுதான் முளைச்சிருக்காமே சாமி, மீதி ஒண்ணு என்னாச்சு?”

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அந்த ஐந்தாவது வெந்தயம் மண்ணுக்குள் ஆழமாகப் போய்விட்டது என்று ஆரம்பித்து, பக்கத்துக் கொட்டாங்குச்சிக்காரன் தண்ணீரைக் கொட்டிவிட்டது, டீச்சர் சிரித்தது, நாளைக்கு அளவுகோல் வைத்து அளக்கப்போவது என்று பேசிக்கொண்டே போனான். பாட்டி விளக்கை அணைக்கக் கையை நீட்டினார். “இருங்க ஆத்தா, இன்னும் முடியல” என்றான் அவன்.